கழுகை எண்ணுவதும் ஒரு கல்வியா?

நமது சங்கத்தில் ஞாயிறுதோறும் கூடும் அன்பர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு மூன்று வழிகளில்தான் செல்லும். மருத்துவம், பொறியியல், அவ்விரண்டும் வாய்க்காவிடில் வங்கித் தேர்வு. இம்மூன்றுக்கும் வெளியே ஒரு பிள்ளை கால் வைத்துவிட்டால், வீட்டில் ஏதோ துக்கம் நேர்ந்துவிட்டதுபோலப் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. பிறந்த ஊரை விட்டு, சுற்றத்தை விட்டு, தலைநகரில் வாடகை வீட்டில் வாழ்ந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருளைப் பிள்ளைகளின் கல்வியில் இடுகின்ற குடும்பங்கள் நம்முடையவை. அவர்கள் அஞ்சுவதில் வியப்பு ஏதுமில்லை. அந்த அச்சத்தை நாமும் அறிவோம். அறிந்திருந்ததனால்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தவறான அறிவுரையும் கூறினோம். அதனை ஒளியாது எழுதினால் பிற பெற்றோருக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

ஒரு தந்தையின் கேள்வி

சங்கத்தின் நெடுநாளைய உறுப்பினரும் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவருமான நண்பர் ஒருவர், ஒரு மாலைப் பொழுதில் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் அப்பொழுதுதான் விலங்கியலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருந்தாள். குழந்தைப் பருவத்திலிருந்தே நம் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு வந்த பெண். நவராத்திரி விழாவில் நம் முன் நின்று பாடிய பெண்.

"சார், ஏதோ ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்து பிகானேர் பாலைவனத்தில் கழுகு எண்ணப் போகிறேன் என்கிறாள். கழுகை எண்ணுவது ஒரு வேலையா? பதினோரு மாத ஒப்பந்தமாம். அதன்பின் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் சொல்லை அவள் மதிப்பாள். நீங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

நாம் அவளை அழைத்து எடுத்துச் சொன்னோம். முதலில் நிலையான வேலை ஒன்றைத் தேடிக்கொள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே நம் அறிவுரையின் சாரம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "சரி மாமா. ஓராண்டு மட்டும் போய் வருகிறேன். அதற்குள் ஒன்றும் தேறவில்லையென்றால் நீங்கள் சொல்லும் தேர்வை எழுதிவிடுகிறேன்" என்றாள். புறப்படுமுன் நமக்கு ஒரு வரலாற்றையும் சொன்னாள். அன்று அதனை அரைச் செவியோடு கேட்டோம். பின்னர் படித்தும் விசாரித்தும் பார்த்தபோது, அது முழுவதும் உண்மை என்று அறிந்து தலைகுனிந்தோம். அந்த வரலாற்றைத்தான் முதலில் வாசகர்களுக்குக் கூற வேண்டும்.

பரத்பூரில் ஒரு குறிப்பேடு

ஆக்ராவுக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பல, வழியில் பரத்பூரையும் பார்த்திருக்கும். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. எனினும் அதன் பறவைச் செல்வத்திற்காக 1985-ல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பெற்றது. 1980-களில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் அங்குத் தங்கி, இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்து வந்தார். மரம் மரமாகச் சென்று கூடுகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது அவர் பணி. கூடு கட்டிய கழுகு இணைகள் மட்டும் 353 என்று அவர் எண்ணினார்.

இங்குக் கழுகு என்பது பிணந்தின்னும் பெரும் பறவையைக் குறிக்கும். பழந்தமிழர் அதற்குப் பாறு என்று பெயரிட்டிருந்தனர். இக்காலப் பறவை அறிஞர்களும் அப்பெயரை மீண்டும் வழக்கில் கொண்டுவந்துள்ளனர். அந்நாளில் வட இந்தியாவில் பாறு அருமையான பறவை அன்று. ஊர்ப்புறத்தில் மாடு ஒன்று இறந்து கிடந்தால், சிறு பொழுதில் வானம் கறுக்க வந்திறங்கி, எலும்பு மட்டும் எஞ்சும்படி தின்றுவிட்டுப் போகும். காக்கையைப்போல் எங்கும் இருந்த ஒன்றை எண்ணி எழுதுவதில் என்ன பயன் என்று அன்றும் பலர் கேட்டிருப்பர்.

1996-ல் அவர் மீண்டும் அதே பூங்காவில் எண்ணியபோது, கூடுகள் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. கிளைகளில் அமர்ந்த பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டுச் சோர்ந்திருந்தன. மரத்தடிகளிலும் புதர்களிலும் பறவைகள் இறந்து கிடந்தன. அடுத்த சில ஆண்டுகளில் கூடு கட்ட ஓர் இணையும் எஞ்சவில்லை. இச்செய்தியை அவர் 1999-ல் தம் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்.

அன்பர்களே, "முன்போலக் கழுகுகள் இல்லை" என்று ஊர்ப் பெரியவர்கள் பலரும் சொல்லியிருப்பர். அச்சொல்லுக்கு எந்த அரசும் செவி சாய்க்காது. "353 இணைகள் இருந்த இடத்தில் இன்று ஒன்றும் இல்லை" என்று ஒருவர் தேதியோடும் இடத்தோடும் எழுதிக் காட்டும்பொழுது அதனை எவரும் தள்ளிவிட முடியாது. அவ்வாறு காட்டுவதற்கு, துன்பம் வருமுன்பே, யாரும் கேளாமலே, ஒருவர் எண்ணி வைத்திருக்க வேண்டும். களப்பணி என்பதன் பயன் இதுவே.

பின்னர் நாடு முழுவதும் இம்முறையே கையாளப்பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் சாலை வழியே சென்று பாறுகளை எண்ணிய கணக்கு ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அதே சாலைகளில் மீண்டும் சென்று எண்ணினர். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறைந்திருந்தது. 2007-ல் மறுபடி எண்ணியபோது, வெண்முதுகுப் பாறு என்னும் இனம் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்கு அருகிப்போயிருந்தது. ஓர் இனம் இவ்வளவு விரைவில் அழிவின் விளிம்புக்குச் சென்றதைப் பறவை நூலோர் முன்பு கண்டதில்லை.

நோயா, நஞ்சா?

காரணம் யாது? ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் பலரும் ஐயுற்றனர். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபொழுது, ஈரலின்மீதும் இதயத்தின்மீதும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்பொடி படிந்திருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்தமையால் குருதியிலிருந்து வெளியேற இயலாமல் உறுப்புகளில் படிந்த கழிவு அது. சிறுநீரகத்தைக் கெடுத்தது எது என்பது சில ஆண்டுகள் விளங்கவில்லை. கிருமி தேடியவர்கள் கிருமியைக் காணவில்லை.

விடை 2004-ல் வெளிவந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க விலங்கு நோய் அறிஞரும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் இறந்த பாறுகளைச் சோதித்தனர். சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றிலும் அது இல்லை. மூட்டுவலிக்கு நாமும் விழுங்குகின்ற அதே மாத்திரைதான்! 1990-களில் அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், காய்ச்சலும் வீக்கமும் கண்ட மாடுகளுக்கு ஊசியாகப் போடலாயினர். மருந்து உடலில் இருக்கும்பொழுதே மாடு இறந்துவிட்டால், அதனைத் தின்ற பாறும் சில நாட்களில் இறந்துபோகும். ஒரு பிணத்தை ஐம்பது அறுபது பறவைகள் கூடித் தின்பதால், நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவாக நஞ்சேறியிருந்தாலும் இனம் முழுவதும் அழியும் என்று கணக்கிட்டுக் காட்டினர்.

கண்டுபிடிப்போடு பணி முடியவில்லை. மாட்டின் வலியைத் தீர்க்கவும் வேண்டும். பாறும் சாகக் கூடாது. மெலாக்சிகம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்று ஆராய்ந்து நிறுவினர். 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்திய அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய ஊசிக்குப்பிகள் மாட்டுக்குப் பயன்படுவதைத் தடுக்க, 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தது. அதனை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2017-ல் சென்னை உயர்நீதிமன்றம் அரசின் ஆணையையே நிலைநிறுத்தியது. பாறுகளுக்குக் கேடு செய்யும் வேறு இரு கால்நடை மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் 2023-ல் தடை செய்யப்பெற்றன.

நம் ஊரிலிருந்து கால்கா செல்லும் வழியில் அரியானாவின் பிஞ்சோர் இருக்கிறது. அங்கு எஞ்சிய பாறுகளைக் காத்துப் பெருக்கும் நிலையம் ஒன்று அமைந்து, ஜடாயுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆகையால் முதல் முட்டையை எடுத்துப் பொறியில் வைத்துப் பொரிக்கச் செய்து, தாய் இரண்டாம் முட்டை இடுமாறு செய்கின்றனர். பரத்பூரில் கூடு எண்ணிய அதே விபு பிரகாஷ், பல ஆண்டுகள் இந்நிலையத்தை முன்னின்று நடத்தினார்.

இவையெல்லாம் பறவைக்காக மட்டும் செய்யப்பெற்றவை என்று எண்ண வேண்டா. பாறுகள் மறைந்தபின் ஊர்ப்புறங்களில் பிணங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. பாறுகள் இல்லாமற் போனதன் விளைவாக 2000 முதல் 2005 வரையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக மாண்டிருக்கும் என்று 2024-ல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. மும்பையில் வாழும் பார்சி மக்கள், தம் முன்னோர் வழக்கப்படி இறந்தோரைப் பறவைகளுக்கு அளிக்க இயலாமல், சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நாட நேர்ந்தது. கழுகை எண்ணுவது ஒரு வேலையா என்று கேட்ட நாம், இதைக் கேட்ட பின் வாய் திறக்கவில்லை.

பாலைவனத்தில் ஒரு காலை

அவள் சென்ற ஆறாம் மாதம். மகளைப் பார்த்து வர வேண்டும் என்று நண்பரின் துணைவியார் பிடிவாதம் பிடித்தார். நம்மையும் உடன் அழைத்தனர். சனவரி மாதத்து இரவில் சராய் ரோஹில்லாவில் வண்டி ஏறி, விடியலில் பிகானேரில் இறங்கினோம். அம்மையாரின் பையில் புளிக்காய்ச்சலும் இட்லிப் பொடியும் இருந்தன. மனத்தில், இப்படியே கையோடு அழைத்து வந்துவிட வேண்டும் என்னும் எண்ணமும் இருந்தது.

மராட்டியப் பெண் ஒருத்தியுடன் சிறு அறை ஒன்றில் அவள் தங்கியிருந்தாள். கம்பு ரொட்டி சுடக் கற்றிருந்தாள். முகம் கறுத்து, கை காய்த்திருந்தது. அதைக் கண்டதும் அம்மையாரின் கண் கலங்கிற்று. "குளித்துவிட்டு வாருங்கள், இன்று நான் எண்ணும் நாள். நீங்களும் வரலாம்" என்றாள் மகள்.

நகருக்கு வெளியே ஜோர்பீர் என்னும் திடல் இருக்கிறது. பிகானேரிலும் சுற்றூர்களிலும் இறக்கும் மாடு, ஒட்டகம் முதலியவற்றை அங்குக் கொண்டுவந்து போடுகின்றனர். 2008-ல் அவ்விடம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பெற்றது. வன்னி மரங்கள் ஆங்காங்கே நிற்கும் மணல் வெளி. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி, அங்குப் பாலை மக்களுக்கு உயிர்மரமாக விளங்குகிறது. நாற்றம் கால் கிலோமீட்டருக்கு முன்பே வந்து வரவேற்றது. நண்பர் கைக்குட்டையை எடுத்தார். அம்மையார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நாம் மரியாதையின் பொருட்டுச் சற்றுப் பொறுத்திருந்து, பின் நாமும் துண்டை எடுத்துக்கொண்டோம்.

வெயில் ஏறி மண் சூடானால்தான் காற்று மேலெழும். காற்று மேலெழுந்தால்தான் அப்பெரும் பறவைகள் சிறகு விரித்துச் சுழன்று உயர முடியும். ஆதலால் காலையில் அவை மரங்களிலும் தரையிலும் அமைதியாக அமர்ந்திருக்கும். எண்ணுவதற்கு அதுவே நேரம். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பெரும் பாறுகளும், உள்ளூர்ப் பாறுகளும், வல்லூறு முதலியவையும் கலந்திருந்தன. அவள் தொலைநோக்கியை ஒரே இடத்தில் நிறுத்தி, இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினாள். ஒவ்வொரு பறவைக்கும் கையிலிருந்த எண்ணும் பொறியை ஒரு முறை அழுத்தினாள். பின் வலமிருந்து இடமாக மறுமுறை. இரு கணக்கும் மிகவும் வேறுபட்டால் மூன்றாம் முறை. இனம், முதிர்ந்ததா இளையதா, எந்தப் பிணத்தில் தின்கிறது, அருகில் எத்தனை நாய்கள், காற்று எப்பக்கம் வீசுகிறது என்று யாவும் ஏட்டில் ஏறின. ஒரு மணிக்கு ஒரு தரம், மாலை வரையில். வாரத்தில் இத்தனை நாள், மாதத்தில் இத்தனை வாரம். நாய்கள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்வதுண்டு என்றும், கையில் தடியின்றி இறங்கக் கூடாதென்றும் அவள் சொன்னபோது அம்மையார் நம்மை ஒரு பார்வை பார்த்தார். மின்கம்பிகளில் அடிபட்டு விழும் பறவைகளையும் இடத்தோடு குறித்து வைப்பது அவள் பணியில் ஒன்று.

"அம்மா, நீயும் பார்" என்று தொலைநோக்கியை அவள் விட்டுக்கொடுத்தாள். அம்மையார் தயங்கித்தான் குனிந்தார். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மூக்கை மூடியிருந்த முந்தானை தானே நழுவிற்று.

"இது நம் மலைக்கு வரும் கழுகு அல்லவா?" என்றார்.

அம்மையாரின் பிறந்த ஊர் செங்கற்பட்டுக்கு அருகில். சிறுமியாக இருந்தபோது தந்தையின் தோளில் அமர்ந்து, திருக்கழுக்குன்றத்தின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிச் சென்று, நண்பகலில் அர்ச்சகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்ண வரும் இரு வெண்பறவைகளைக் கண்டவர். காசியில் நீராடி, இங்கே உணவு கொண்டு, இராமேசுவரம் செல்லும் முனிவர்கள் அவை என்று பாட்டி சொல்லக் கேட்டவர். 1990-களின் பிற்பகுதியோடு அப்பறவைகள் வருவது நின்றுபோயிற்று. வெண்ணிற உடல், மஞ்சள் முகம், வாலருகே கறுத்த சிறகு. தாம் கண்டது அதே உருவம் என்று அவருக்கு ஐயமே இல்லை.

"ஆமாம் அம்மா, அதே இனம்தான். மஞ்சள்முகப் பாறு. இளமையில் கரும்பழுப்பாக இருக்கும்; ஐந்து வயது ஆகும்போதுதான் இப்படி வெளுக்கும்" என்றாள் மகள்.

"இங்கே இத்தனை இருக்கின்றனவா?" என்று கேட்ட அம்மையார், எண்ணும் பொறியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இடமிருந்து வலமாக முழுவதும் எண்ணினார். மகளின் கணக்குக்கு மூன்று குறைந்தது. "உன் கணக்கு ஏட்டில் ஏறாது அம்மா" என்று மகள் சிரித்தாள். "மறுபடி எண்ணுகிறேன்" என்றார் தாய். அன்று மாலை வரை, ஊருக்கு அழைத்துப் போகும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

பிற்பகலில் வேறொரு பணி. மருந்துக் கடைகளில் மாட்டுக்கு எந்த வலி மருந்தைக் கொடுக்கின்றனர் என்று அறிய வேண்டும். ஆராய்ச்சிக்காரி என்று சொன்னால் தடை செய்த மருந்தை எவர் காட்டுவர்? ஆகையால் மாடு வைத்திருப்பவளைப்போலச் சென்று, கால் வீங்கியிருக்கிறது, ஊசி மருந்து வேண்டும் என்று கேட்க வேண்டும். "மாமா, நீங்கள் வெளியிலேயே இருங்கள். உங்கள் இந்தியைக் கேட்டால் கடைக்காரர் நம்ப மாட்டார்" என்றாள். நாம் பணிந்து வெளியே நின்றோம். வெளிவந்தபோது கையில் மெலாக்சிகம் இருந்தது. அவள் முகத்தில் கண்ட மகிழ்ச்சியைத் தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளைகளிடந்தான் முன்பு கண்டிருக்கிறோம். எல்லாக் கடைகளிலும் அவ்வாறு கிடைப்பதில்லை என்பதையும் அவள் மறைக்கவில்லை.

ஊதியமும் கவலையும்

இனி, நண்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். பெருமை இருக்கட்டும், பிழைப்பு எப்படி?

உண்மையை உள்ளவாறு கூறினால், பாதை எளிதன்று. திட்ட உதவியாளர் பணிகள் பெரும்பாலும் சில மாத ஒப்பந்தங்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நம் பெண்ணுக்கு ஒரு சமயம் மூன்று மாதம் உதவித்தொகை வரவில்லை. தந்தை மனைவிக்குத் தெரியாமல் பணம் அனுப்பினார். தாய் கணவருக்குத் தெரியாமல் அனுப்பினார். இருவரும் அனுப்பியதை மகள் இருவரிடமும் சொல்லாமல், தொகை வந்ததும் திருப்பித் தந்தாள். எல்லா வீட்டிலும் இவ்வாறு அனுப்ப இயலுமா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலையான வழிகளும் உண்டு. தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோர்க்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கிறது. 2023 சனவரி முதல் இளநிலையில் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலையில் 42,000 ரூபாயும், அத்துடன் வீட்டு வாடகைப் படியும் என்று அது உயர்த்தப்பெற்றது. தேராதூனில் 1982-ல் நிறுவப்பெற்ற இந்திய வனஉயிர் நிறுவனம், கோவை ஆனைகட்டியில் 1990-ல் தோன்றிய சலீம் அலி மையம், 1883 முதல் மும்பையில் இயங்கும் இயற்கை வரலாற்றுக் கழகம், 1916-ல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய விலங்கியல் அளவைத் துறை ஆகியவை இத்துறையின் பெரிய நிலையங்கள். மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் வனஉயிரியல் கற்றோர் பலர் இன்று நாடெங்கும் பணிபுரிகின்றனர். இந்திய வனப்பணித் தேர்வை எழுதவும் விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகள் தகுதியுடையோர்.

பெண் பிள்ளைக்கு இது தகுமா என்று கேட்போர்க்கு ஒரு பெயரை நினைவூட்டுவோம். தலைச்சேரியில் 1897-ல் பிறந்து சென்னையில் பயின்ற ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் அறிவியல் முனைவரானார். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் கலப்பினங்களை ஆராய்ந்தார். டார்லிங்டன் என்னும் ஆங்கில அறிஞரோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றிய பெருநூலை 1945-ல் வெளியிட்டார். பத்மஸ்ரீ விருது அவருக்கு 1977-ல் வழங்கப்பெற்றது. முதுமையிலும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. அவர் புறப்பட்ட காலத்தோடு ஒப்பிட்டால், இன்று நம் பெண்கள் நிற்கும் இடம் எவ்வளவோ மேல்.

எனவே, பிள்ளையைத் தடுப்பதைவிட, சரியான கேள்விகளைக் கேட்பது நலம். பணி எத்தனை மாதம்? எழுத்துமூலமான ஆணை உண்டா? தொகை எவ்வளவு, எந்நாளில் வரும்? களத்தில் தங்குமிடம் எது? விபத்துக்குக் காப்பீடு உண்டா? வழிகாட்டும் அறிஞர் யார்? சேகரிக்கும் கணக்கில் பிள்ளையின் பெயர் இடம்பெறுமா? இவற்றுக்குத் தெளிவான விடை இருந்தால் அனுப்புங்கள். விடையில்லாவிடில் வேறிடம் தேடச் சொல்லுங்கள். "கழுகை எண்ணுவது ஒரு வேலையா?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். அதனைக் கேட்டு நாம் பட்ட நாணம் போதும்.

சங்கத்து வகுப்பின் பயன்

அந்தப் பெண் தகுதித் தேர்வில் முதல் முறை தவறினாள். இரண்டாம் முறை வென்றாள். இப்பொழுது முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறாள். அவள் தேர்ந்துகொண்ட இடம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு. தமிழ்நாட்டில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழும் இடம் அது. ஆற்றங்கரையின் நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைக்கின்றன. அங்குள்ள இருளர் குடிகளிடமும் மாடு மேய்ப்போரிடமும் பேசி, எந்த மாட்டுக்கு என்ன மருந்து கொடுத்தனர் என்று கேட்டறிய வேண்டும்.

சென்ற மாதம் நமக்கு எழுதிய கடிதத்தில் அவள் குறிப்பிட்ட செய்தி ஒன்று: "மாமா, என்னோடு வந்த வடநாட்டு மாணவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டியதில்லை. சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை உறங்கி வழிந்துகொண்டே கற்ற தமிழ்தான். முதலில் என் பேச்சைக் கேட்டு, புத்தகம் பேசுகிறது என்று சிரித்தார்கள். இப்பொழுது திருத்திக் கொடுக்கிறார்கள்." வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மொழிகள் இயல்பாக வருகின்றன. களப்பணியில் அது எத்துணைச் செல்வம் என்பதைப் பிகானேரிலும் கண்டோம், மாயாற்றிலிருந்தும் கேட்கிறோம்.

அம்மையார் இவ்வாண்டு கோடையில் மகளைப் பார்க்கச் சென்றார். திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் ஏறி, வேதகிரீசுவரரை வணங்கி வந்தார். பாறை வெறுமையாக இருந்ததாம். "நண்பகல் வரையில் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா. ஒன்றும் வரவில்லை. வந்தால் எழுதி வைக்கச் சொல்லிக் கோயில் வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன்" என்றார். நாம் என்ன மறுமொழி கூறுவது!

வரும் கோடை விடுமுறையில் அவள் தில்லி வருகிறாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கக் கூடத்தில் பேச இசைந்திருக்கிறாள். தன் களக் குறிப்பேடுகளையும் எடுத்து வருவாள். உயிரியல் பயில விரும்பும் பிள்ளைகளைப் பெற்றோர் தவறாது அழைத்து வருக. பிள்ளைகள் விரும்பி, பெற்றோர் விரும்பாத வீடுகளிலிருந்து, பெற்றோர் மட்டுமாயினும் வருக. முன்வரிசையில் அவர்களோடு நாமும் அமர்ந்திருப்போம்.